பனியன் கம்பெனியில் புதிதாக லைன் பார்க்கப் போகிறவர்களுக்கு

நேற்று வரை ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து மூணாவது லைனை நீ பாத்துக்கப்பா" என்று சொல்லிவிடுவார்கள். திருப்பூரில் பெரும்பாலும் ஒருவர் சூப்பர்வைசர் ஆவது இப்படித்தான். பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. கையில் ஒரு நோட்டு, ஒரு இஞ்ச் டேப், அப்புறம் மணிக்கு ஒரு தடவை, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடமிருந்து போன். நன்றாகத் தைக்கிறவர் ஆட்களையும் நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்று கம்பெனி நினைக்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை. மெஷினில் இருக்கும்போது உங்கள் கை வேகத்துக்கு நீங்கள் பொறுப்பு, அவ்வளவுதான். லைனில் நின்றால் இருபது இருபத்தைந்து பேரின் கை, வயிறு, வீட்டுக் கவலை, பக்கத்து மெஷின்காரரோடு அவர்களுக்கு இருக்கும் மனக்கசப்பு எல்லாம் சேர்ந்துதான் சாயங்காலம் பீஸ் கணக்காக வெளியே வருகிறது.

டெய்லராக இருந்து, லைன் பார்த்து, இப்போது ஃப்ளோர் பார்க்கிறவன் என்ற முறையில் சில விஷயங்களை எழுதுகிறேன். நீங்கள் இனிமையாகப் பேசுகிறவரா கடுமையாகப் பேசுகிறவரா என்பதை லைனில் உள்ளவர்கள் ஒரு வாரத்தில் பழகிக்கொள்வார்கள். அவர்கள் விடாமல் கவனிப்பது வேறு: எந்தப் பண்டல் (தைக்க வெட்டிக் கட்டிய துணி) யாருக்குப் போகிறது, ஃபேனுக்குக் கீழே இருக்கும் மெஷின் யாருக்கு, பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டிய ஆல்டர் பீஸ் யார் தலையில் விழுகிறது, ஷிப்ட் முடிந்த பிறகு கூடுதலாகப் பார்க்கிற அரை ஷிப்டுக்கு யாரை நிறுத்துகிறீர்கள், யாருக்கு லீவு கேட்டவுடன் கிடைக்கிறது. உங்கள் நியாயத்தை இவற்றில்தான் தேடுவார்கள். கீழே சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

டார்கெட்டை எல்லார் கண் முன்னாலும் போடுங்கள்

"இன்னிக்கு ஆயிரம் பீஸ் வேணும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி ஆரம்பிக்கிற லைன் மதியத்துக்குள் உட்கார்ந்துவிடும். அந்த ஆயிரம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது, சொன்னவருக்கே தெரியாது. கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஒரு சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டுக்கு எல்லா ஆபரேஷனும் சேர்த்து, வேலைக்கு நேரம் கணக்கிடுகிற ஐ.இ. ஆட்கள் 8 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். 20 டெய்லர், ஒரு ஷிப்டுக்கு 480 நிமிடம், ஆக மொத்தம் 9,600 நிமிடம். எட்டால் வகுத்தால் 1,200 பீஸ். இது காகிதத்தில் வருகிற கணக்கு. நூல் அறுவது, பண்டல் தேடுவது, தண்ணீர் குடிப்பது, மெக்கானிக்குக் காத்திருப்பது எல்லாம் போக லைன் 55 சதவீதம் ஓடுகிறது என்றால் 660 பீஸ், மணிக்கு 82 அல்லது 83. புது ஸ்டைல் ஏறும் முதல் நாள் 30 சதவீதம் வந்தாலே சரி. அன்றைக்கு 360 பீஸ்தான், அதற்கு மேல் கேட்டால் மறுநாள் முழுக்கப் பிரித்துத் தைத்துக்கொண்டு இருப்பீர்கள்.

இந்தக் கணக்கை நோட்டுக்குள் வைத்துக்கொள்ளாமல் போர்டிலேயே எழுதுங்கள். எத்தனை பேர், எத்தனை நிமிடம், எத்தனை சதவீதம் என்று. படிக்காதவர்கள்கூடப் புரிந்துகொள்வார்கள், ஏனென்றால் பீஸ் ரேட்டில் (தைத்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி) வேலை பார்த்தவர்களுக்குக் கணக்கு நம்மைவிட வேகமாக வரும்.

இங்கே ஒரு பழைய பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மேனேஜரிடம் 660 என்று ஒத்துக்கொண்டு வந்து லைனில் 800 என்று அறிவிப்பது. 800 என்று சொன்னால்தான் 660 வரும் என்று மூத்த சூப்பர்வைசர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அதைக் கேட்காதீர்கள். பேக்கிங்கில் இருப்பவர் வழியாகவோ ஆபீஸ் பையன் வழியாகவோ உண்மையான எண் இரண்டு நாளில் லைனுக்குத் தெரிந்துவிடும், அதற்கப்புறம் நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் அதில் நூறைக் கழித்துவிட்டுத்தான் காதில் போட்டுக்கொள்வார்கள். நிஜமாகவே அவசர ஷிப்மெண்ட் இருக்கிற நாளில் உங்கள் பேச்சுக்கு மதிப்பே இருக்காது. மேனேஜரிடம் சொன்ன எண்ணையும் லைனில் சொன்ன எண்ணையும் ஒன்றாக வைத்துக்கொள்வது நல்ல குணத்துக்காக மட்டும் இல்லை, தொழிலுக்கே அதுதான் லாபம்.

அடுத்தது, எண்ணிக்கை குறைந்தால் எங்கே குறைகிறது என்று பார்ப்பது. மேலே சொன்ன டி-ஷர்ட்டில் பெரும்பாலும் மாட்டுகிற இடம் கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் பட்டி) வைப்பது. ஒரு பீசுக்கு 48 விநாடி ஆகிறது, ஒரே ஆள்தான் வைக்கிறார் என்றால் மணிக்கு 75-க்கு மேல் அந்த இடத்தைத் தாண்டி எதுவும் வராது. நீங்கள் சைடு அடிக்கிறவரையும் பாட்டம் மடிக்கிற பேட்லாக் டெய்லரையும் எவ்வளவு விரட்டினாலும் 82 வராது. அவர்கள் பாட்டுக்குப் பீஸ் இல்லாமல் காத்திருப்பார்கள், நீங்கள் அவர்களைச் சோம்பேறி என்பீர்கள். ரிப்பை நாலாக மடித்து மார்க் வைக்கிற வேலையை ஒரு கைமடிக்கு (உதவிக்கு இருக்கும் ஆளுக்கு) கொடுங்கள், சைஸ் வாரியாக ரிப்பைப் பிரித்துப் பண்டலோடேயே கட்டி வையுங்கள், கொஞ்ச நேரத்துக்கு இன்னொரு ஓவர்லாக் டெய்லரை அங்கே திருப்புங்கள். ரிப் வைக்கிற அக்காவின் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலேயே மணிக்குப் பத்துப் பதினைந்து பீஸ் ஏறும்.

நேரம் எடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் நின்று மொபைலில் ஸ்டாப்வாட்சைத் தட்டாதீர்கள். பார்த்தவுடன் சிலருக்குக் கை நடுங்கும், சிலர் வேண்டுமென்றே மெதுவாகத் தைப்பார்கள், இரண்டுமே பொய்க் கணக்கு. முன்னால் போய், "அக்கா, இந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பத்து பீஸ் பாத்துக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு எடுங்கள், எடுத்ததை அவரிடமே காட்டுங்கள். "ரெண்டு பீஸ்ல பண்டல் கட்டு அவுக்கறதுக்கே நேரம் போயிருச்சு பாருங்க" என்று அவரே காரணம் சொல்வார்.

மணிக்கணக்குப் போர்டில் எண் குறைந்தால் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். "10.30 – 11.30: 58. ரிப் வரவில்லை, 20 நிமிடம்." பெயரை எந்தக் காரணத்துக்காகவும் போர்டில் எழுதக்கூடாது. பெயர் எழுதிய அன்றிலிருந்து அந்தப் போர்டைத் திரும்பிப் பார்க்காமல் நடப்பவர்கள் இருக்கிறார்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டு நகராதீர்கள்

காலையில் மெஷின் ஓடுவதற்கு முன் ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் பொதுவாக அறிவுரை சொல்லாதீர்கள். "குவாலிட்டியா தைங்க" என்பதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. பாட்டம் மடிப்பு 2 சென்டிமீட்டர், இஞ்சுக்கு 12 தையல், தோள் டேப் முன்பக்கம் சாயக்கூடாது, லேபிள் கழுத்து நடுவில். இப்படி அளவாகச் சொல்ல முடிவதை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் லைனில் பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம் என்று வந்தவர்களாக இருக்கலாம். எல்லாரிடமும் அரைகுறை இந்தியில் கத்தினால் ஆயிற்று என்று நினைக்கிறோம். அவர்களில் பலருக்கு இந்தியே வீட்டு மொழி கிடையாது. ஒடியா, அசாமி, சந்தாலி என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்து "டீக் ஹை பையா" என்று சொல்வது புரிந்ததற்கு அடையாளம் இல்லை, நீங்கள் சீக்கிரம் நகர்ந்து போனால் போதும் என்பதற்கு அடையாளம். அதனால் பீஸே பேசட்டும். பையர் (ஆர்டர் கொடுத்தவர்) ஒத்துக்கொண்ட சாம்பிள் ஒன்று, பக்கத்தில் தப்பாகத் தைத்த பீஸ் ஒன்று, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர். இரண்டையும் அந்த ஆபரேஷன் நடக்கும் மெஷினுக்கு நேராகத் தொங்கவிடுங்கள். அப்புறம் "ஒரு பீஸ் போட்டுக் காட்டுங்க" என்று சொல்லி, முதல் பீஸை நீங்களே அளந்து பார்த்துவிட்டு நகருங்கள். மொழி தெரியாததை வைத்துக் கிண்டல் செய்கிற ஆள் ஒவ்வொரு லைனிலும் ஒருத்தர் இருப்பார், அதை முதல் தடவையே நிறுத்திவிடுங்கள். நாலு ஒடியா வார்த்தை நீங்கள் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

தப்பைச் சொல்வதற்கு ஒரு வரிசை உண்டு

செக்கிங்கிலிருந்து ஒரு கட்டு ஆல்டர் பீஸ் திரும்பி வருகிறது, எல்லாம் சைடில் தையல் விட்டுப் போயிருக்கிறது. கட்டைத் தூக்கிக்கொண்டு போய் மெஷின் மேல் எறிந்து, லைனுக்கே கேட்கும்படி நாலு வார்த்தை சொல்வதைத்தான் நாம் பார்த்து வளர்ந்திருக்கிறோம். வேறு மாதிரி செய்து பாருங்கள். இரண்டு பீஸ் மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் குனிந்து நில்லுங்கள்.

"அக்கா, இந்த இடம் பாருங்க, ரெண்டுலயும் ஒரே மாதிரி விட்டிருக்கு."

"ஆமாங்க தம்பி. காலையில இருந்தே டக்கு டக்குன்னு சத்தம் வருது. ஊசி மாத்தச் சொல்லி மெக்கானிக்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேனுங்க, வர்றேன் வர்றேன்னாரு."

ஊசியைக் கழற்றிப் பார்த்தால் முனை மழுங்கியிருக்கும். புது ஊசி போட்டதும் தையல் சரியாகிவிடும். மெஷின் மேல் கட்டை எறிந்திருந்தால் அந்த அக்கா ஊசியைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார், "சரிங்க" என்று சொல்லிவிட்டு அதே ஊசியில் தைத்துக்கொண்டு இருந்திருப்பார். அதனால் வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஊசி, அப்புறம் நூல், நூலின் இறுக்கம் (டென்ஷன்), மெஷின், துணி, கட்டிங். எல்லாம் சரி என்றால்தான் கடைசியாகக் கை. பெரும்பாலான தப்புகள் கைக்கு வருவதற்கு முன்னாலேயே பிடிபட்டுவிடும்.

ஆல்டரை யார் பிரித்துத் தைப்பது என்பதில் ஒரே விதி வையுங்கள். தைத்தவரின் கைத் தப்பு என்றால் அவரே சரி செய்யட்டும். மெஷின் தப்பு, கட்டிங் தப்பு, நீங்கள் அளவைத் தப்பாகச் சொன்னது என்றால் அந்த நேரம் அவர் கணக்கில் ஏறக்கூடாது, கம்பெனி கணக்கில் போட வைப்பது உங்கள் வேலை. பீஸ் ரேட் லைன் என்றால் இது நேராக அவர் சனிக்கிழமைச் சம்பளத்தில் கைவைக்கிற விஷயம். யாரும் கேட்காமல் எல்லாவற்றையும் செய்து கொடுக்கிற ஒரு சாதுவான ஆள் லைனில் இருப்பார், ஆல்டர் எல்லாம் தானாக அவரிடம் போய்ச் சேரும். அதைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள்.

கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டிய விஷயம் என்றால், லைனுக்கு நடுவிலும் வேண்டாம், ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போவதும் வேண்டாம். குறிப்பாகப் பெண்களை. மற்றவர்கள் கண்ணில் படுகிற, காதில் விழாத இடமாகப் பாருங்கள். ஃப்ளோர் ஓரத்து ஜன்னல் பக்கம், கட்டிங் டேபிளுக்கு அந்தப் பக்கம், அப்படி ஏதாவது.

ஒரு நோட்டு போடுங்கள், திறந்தே வையுங்கள்

நியாயமாக நடக்கிறேன் என்று எல்லா சூப்பர்வைசரும் மனதார நம்புகிறார்கள். மனதில் வைத்திருக்கும் கணக்கு எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் இருக்கும், அதனால் எழுதுங்கள். ஒரு பக்கத்தில் எல்லார் பெயரும், மேலே நான்கைந்து பத்தி: கஷ்டமான ஆபரேஷன், அரை ஷிப்ட், ஞாயிறு வேலை, லீவு, மெஷின் மாற்றம். ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். கேட்டால் "மாட்டேன்" என்று முகத்தைத் தூக்காத மூன்று பேர் மாதம் முழுக்க நின்றிருப்பார்கள், மூன்று பேர் ஒரு நாளும் நின்றிருக்க மாட்டார்கள்.

அரை ஷிப்டில் இரண்டு பக்கமும் உண்டு என்பதை மறக்காதீர்கள். வாடகை, பிள்ளை ஸ்கூல் ஃபீஸ், ஊருக்கு அனுப்பும் பணம் என்று ஒன்றரை ஷிப்ட் கிடைத்தால் போதும் என்று இருப்பவர்கள் ஒரு பக்கம். ஐந்தரைக்கு வேன் ஏறினால்தான் வீட்டில் அடுப்பு பற்றும் என்கிறவர்கள் இன்னொரு பக்கம். முதலாமவர்களுக்கு வாய்ப்பு கொடுக்காததும் அநியாயம், இரண்டாமவர்களைக் கடைசி நேரத்தில் "இன்னிக்கு எல்லாரும் நிக்கணும்" என்று பிடித்து வைப்பதும் அநியாயம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே யார் நிற்கிறார்கள் என்று கேட்டு எழுதிவிடுங்கள், அவர்கள் வீட்டுக்குப் போன் செய்து சொல்ல நேரம் இருக்கும்.

ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. எல்லா இடத்திலும் அப்படிக் கிடைப்பதில்லை என்பதும் ஊரறிந்த விஷயம். ரேட்டை முடிவு செய்வது சூப்பர்வைசர் கையில் இல்லை, சரி. ஆனால் கேட்டால் "சட்டத்துல அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று பொய் சொல்லாமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது. தெரிந்ததைச் சொல்லுங்கள், கேட்க வேண்டிய இடம் எச்.ஆர். என்றும் சொல்லுங்கள்.

சொந்த ஊர் ஆட்கள், சொந்தக்காரர்கள் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. ஆள் கிடைக்காத காலத்தில் சூப்பர்வைசரே தன் ஊரிலிருந்து நாலு டெய்லரைக் கூட்டி வருவது இங்கே சகஜம், கம்பெனியும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. கூட்டி வந்தது தப்பில்லை. நல்ல மெஷினும் சுலபமான ஆபரேஷனும் அந்த நாலு பேருக்கே போனால் மற்ற பதினாறு பேர் அதற்கு ஊர், சாதி என்று காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள், பல நேரம் அந்தக் காரணம் உண்மையாகவும் இருக்கும். நோட்டில் அந்த நாலு பெயருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்பதை மாதக் கடைசியில் முதலில் பாருங்கள். உங்கள் மச்சான் லைனில் இருந்தால் அவர் லீவுக் கேள்வியை ஃப்ளோர் இன்சார்ஜிடம் விட்டுவிடுங்கள், வீட்டிலும் நிம்மதி.

லீவு, திங்கட்கிழமை, இன்ன பிற

லீவு கேட்டால் பதில் சொல்லாமல் "பாக்கலாம், பாக்கலாம்" என்று இழுப்பதைத்தான் நம் ஆட்கள் அதிகம் வெறுக்கிறார்கள். இல்லை என்பதைக்கூடத் தாங்கிக்கொள்வார்கள். வெளி மாநிலத்துக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. ஜார்கண்ட் போகிற தன்பாத் எக்ஸ்பிரஸில் திறந்த அன்றே போடாவிட்டால் சீட்டு கிடைப்பது கஷ்டம், அப்புறம் பொதுப் பெட்டியில் இரண்டு நாள் நின்றுகொண்டு போக வேண்டியதுதான். பீகார் ஆட்களுக்குத் தீபாவளியைவிட அதற்கு ஆறாம் நாள் வருகிற சத் பூஜை பெரிது. மேற்கு ஒடிசாக்காரர்களுக்கு விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் நுவாகாய். அசாம் ஆட்களுக்கு ஏப்ரலில் பிஹு. நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி (திருவிழா). வருட ஆரம்பத்தில் ஒரு காலண்டரில் இவற்றைக் குறித்து, டிக்கெட் திறக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே யார் யார் போகிறீர்கள் என்று கேட்டு முடிவைச் சொல்லிவிடுங்கள். எல்லாரையும் ஒரே நேரத்தில் விட முடியாது. போன வருடம் போகாதவருக்கு இந்த வருடம் முதல் வாய்ப்பு என்று சொன்னால் அதில் சண்டை வராது, நோட்டு இருக்கிறதே. தேதி தெரிந்து போகிறவர் தேதி சொல்லித் திரும்புவார். இழுத்தடிக்கப்பட்டவர் சொல்லாமல் போய்விட்டு, திரும்பி வரும்போது பக்கத்துக் கம்பெனியில் சேர்வார்.

திங்கட்கிழமை வருகை குறையும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு கறிச்சோறு, சிலருக்குக் கூடவே சரக்கு. இதற்காகத் திங்கட்கிழமை காலையில் வந்திருப்பவர்களிடம் கத்துகிற சூப்பர்வைசர்களை எனக்குப் புரிந்ததே இல்லை. வராதவர்கள்தான் வரவில்லையே, வந்தவர்களுக்கு எதற்குத் திட்டு? திங்கட்கிழமைக்கு டார்கெட்டையே குறைத்துப் போடுங்கள். ஒருவர் தொடர்ந்து திங்கட்கிழமை வரவில்லை என்றால் செவ்வாய்க்கிழமை மதியம், வேலைச் சூடு ஆறின நேரத்தில், தனியாகக் கேளுங்கள். குடியாக இருக்கலாம், கந்துவட்டிக்காரன் ஞாயிறு ராத்திரி வந்து நின்றதாகவும் இருக்கலாம். நல்லபடியாகக் கேட்ட பிறகும், கொடுத்த தேதியைத் தாண்டியும் மாறவில்லை என்றால் எச்.ஆருக்கு எழுதுங்கள். இரக்கப்பட்டு ஒருவரை மட்டும் விட்டுக்கொண்டே இருந்தால் அவர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிற பக்கத்து மெஷின்காரர் மேல் உங்களுக்கு இரக்கம் இல்லை என்றுதான் ஆகும்.

பாத்ரூமுக்கு டோக்கன் கொடுக்கிற பழக்கம் உங்கள் ஃப்ளோரில் இருந்தால் அதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். டோக்கனுக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள், மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே அது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. கர்ப்பமாக இருப்பவரை அயர்ன் டேபிளில் நிறுத்தாதீர்கள். பிள்ளை ஸ்கூலிலிருந்து போன் வந்தால் எடுக்க விடுங்கள், இரண்டு நிமிடம். எடுக்க விடாவிட்டால் அரை மணி நேரம் அந்தக் கை தடுமாறும்.

கத்துவதும் அதற்கு மேலும்

கெட்ட வார்த்தை, தலையில் தட்டுவது, பீஸை முகத்தில் எறிவது, தோளைத் தொட்டு வேலை சொல்வது எதுவும் கூடாது. டென்ஷனில் வந்துவிட்டது என்பது காரணமே இல்லை; முதலாளி வந்து நிற்கும்போது அதே டென்ஷனில் அதே வார்த்தை நமக்கு வருவதில்லை.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார், அவரது சூப்பர்வைசர் கைதானார். அதற்கடுத்து 2022 ஏப்ரலில், பெண்கள் தலைமையில் இயங்கும் ஒரு தொழிற்சங்கமும் அந்தக் கம்பெனியும் வெளிநாட்டு பிராண்டுகளும் கையெழுத்துப் போட்டதுதான் திண்டுக்கல் ஒப்பந்தம். தொழிலாளர்களிலிருந்தே சிலரை ஃப்ளோர் கண்காணிப்புக்குப் பயிற்றுவிப்பது அதில் ஒரு பகுதி. லைன் பார்க்கிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சூப்பர்வைசரிடம் இருக்கும் அதிகாரம் சின்னது என்று நாம் நினைக்கிறோம். அரை ஷிப்டும் லீவும் மெஷினும் யார் கையில் இருக்கிறதோ, அவரைப் பகைத்துக்கொள்ள ஒரு பெண் எவ்வளவு யோசிப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்களிடம் ஒருவர் வந்து இன்னொருவர் பாலியல் தொல்லை கொடுத்ததாகப் புகார் சொன்னால், "நான் பேசி முடிச்சு வைக்கிறேன்" என்று பஞ்சாயத்துக்கு உட்காராதீர்கள். பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-லிருந்து சட்டம், அதன் தலைவர் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அவர் பெயரை டீ குடிக்கிற இடத்தில் பேசாதீர்கள். புகார் சொன்னவரின் மெஷினை மாற்றுவதைவிட, புகாருக்கு ஆளானவரை நகர்த்தச் சொல்லி மேனேஜரிடம் கேளுங்கள்.

மேனேஜர் பக்கம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சாயங்கால மீட்டிங்கில் முடியாததை முடியும் என்று சொல்லாதீர்கள். "நூல் 11 மணிக்குத்தான் வந்தது, 360 பீஸ் வந்தது, நாளை ரிப் ஆபரேஷனுக்கு இன்னொரு ஓவர்லாக் கொடுத்தால் 500 வரும்" என்று காரணம், எண், தேவை மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். லைனில் யார் தப்பு என்று கேட்டால் பெயர் சொல்லாமல் ஆபரேஷனைச் சொல்லுங்கள். பாராட்டு வந்தால் மட்டும் பெயரைச் சொல்லுங்கள், அந்த ஆளிடம் மறுநாள் காலையில் "மேனேஜர்கிட்ட உங்க பேர் சொன்னேனுங்க" என்று தெரிவித்தும் விடுங்கள். நம் ஊரில் பாராட்டு மேல்மாடியிலேயே ஆறிப்போய்விடுகிறது.

சனிக்கிழமைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை

சம்பள நாள் சண்டைகளில் பெரும்பாலானவை அரை ஷிப்ட், கால் ஷிப்ட் விடுபட்டதால் வருகிறவை. சனிக்கிழமை சாயங்காலம் கவர் கைக்கு வந்த பிறகு கண்டுபிடித்தால் அக்கவுண்ட்ஸில் ஆள் இருக்க மாட்டார், அடுத்த வாரம் சேர்த்துத் தருகிறோம் என்பார்கள், அந்த வார வாடகையும் மளிகையும் அவருக்கு அப்படிக் காத்திருக்காது. அதனால் வெள்ளிக்கிழமை மதியம் டீ நேரத்தில் நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினுக்கும் போய், "உங்களுக்கு அஞ்சு ஷிப்டும் ரெண்டு அரையும் இருக்குதுங்க, சரிதானுங்களா?" என்று படித்துக் காட்டுங்கள். வெளி மாநிலத்துக்காரர்களிடம் விரலால் கோடு கோடாகத் தொட்டுக் காட்டுங்கள். யாராவது "புதன்கிழமை நின்னேனே" என்றால், பக்கத்தில் அன்று நின்றவரைக் கேட்டு அங்கேயே திருத்தி, அவர் கையெழுத்தை வாங்கி, நாலு மணிக்கு முன் அக்கவுண்ட்ஸில் கொடுத்துவிட்டு வாருங்கள்.